கெய்சரை மாற்றும் முன் தண்ணீரைப் பாருங்கள்



பிரையண்ட் நகர், போல்டன்புரம், மில்லர்புரம், திரேஸ்புரம், முத்தையாபுரம் என்று தூத்துக்குடியில் எந்தப் பக்கம் குடியிருந்தாலும் சரி, உங்கள் குளியலறைச் சுவரில் ஒரு கெய்சர் தொங்கினால் இந்த மடல் உங்களுக்குத்தான். சொந்த வீட்டுக்காரர், வாடகைக்காரர் என்ற பேதம் இல்லை. வீட்டை வாடகைக்கு விட்டிருப்பவர்களோடு மட்டும் கடைசியில் தனியாக இரண்டு வார்த்தை பேச வேண்டியிருக்கிறது. அவர்கள் பாதியில் மடக்கி வைத்துவிட வேண்டாம்.

இந்த வெயில் ஊருக்கு வெந்நீர் எதற்கு என்று வெளியூர்ச் சொந்தக்காரர்கள் கேலி பேசுவார்கள். மூட்டுவலிக்காரத் தகப்பனாரையும், பிள்ளை பெற்றுத் தாய்வீடு வந்திருக்கும் மகளையும், ராத்திரி ஷிப்ட் முடித்துத் துறைமுகத்திலிருந்து உடம்பெல்லாம் நிலக்கரித் தூசியோடு வரும் தம்பியையும் கேட்டால் பதில் கிடைக்கும். ஐப்பசி மழை பிடித்ததும், கோடை முழுக்கத் தொடாமல் கிடந்த ஸ்விட்சை எல்லாரும் ஒரே வாரத்தில் தட்டுகிறீர்கள். அந்த வாரம் என்னைப் போன்ற மெக்கானிக்குகளின் போன் ஓய்வதில்லை. பேச்சு எப்போதும் ஒரே மாதிரிதான் தொடங்கும். "தம்பி, கெய்சர் போயிட்டு. புதுசு வாங்கிரலாமா?"

வாங்க வேண்டாம் என்பதுதான் பெரும்பாலும் என் பதில். மெஷின் தானாகக் கெடுவது குறைவு. நம் ஊரில் அதைக் கெடுப்பது போர் தண்ணீர். தண்ணீரை அப்படியே விட்டுவிட்டு மெஷினை மட்டும் மாற்றினால் புது மெஷினுக்கும் அதே கதிதான். கடைக்காரர் இதைச் சொல்ல மாட்டார். அவருக்கு எதற்கு அந்த வேலை?

தூத்துக்குடியில் பெரும்பாலான வீடுகளில் இரண்டு தண்ணீர் உண்டு. ஒன்று வல்லநாட்டுத் தண்ணீர், அதாவது தாமிரபரணி. ராவ் பகதூர் குரூஸ் பர்னாந்து நகர்மன்றத் தலைவராக இருந்தபோது 1927-இல் வல்லநாட்டிலிருந்து குழாய் போட்டு ஊருக்குக் கொண்டுவந்தது. அத்தனை தூரத்திலிருந்து குழாய் இழுக்க வேண்டி வந்ததே, ஊருக்குள் தோண்டினால் உப்பு என்பதால்தான். இன்னொன்று அந்த உப்பேதான். போர் போட்டு, மோட்டார் வைத்து, மாடித் தொட்டிக்கு ஏற்றுகிறோம். ஆற்றுத் தண்ணீர் சமையலுக்கும் குடிக்கவும் போகிறது. குளிக்க, துவைக்க, கெய்சருக்கு எல்லாம் போர்.

உங்கள் போர் தண்ணீர் எப்படி என்று அறிய ஆய்வுக்கூடம் வேண்டியதில்லை. சோப்புப் போட்டால் நுரைக்காமல் திரிதிரியாகத் திரள்கிறதா? துவரம் பருப்பு எத்தனை விசில் வைத்தாலும் மசியாமல் நிற்கிறதா? அப்படியானால் அது கடினத் தண்ணீர். கணக்காகத் தெரிய வேண்டுமென்றால் பரிசோதனைக்குக் கொடுங்கள். குடிநீருக்கான இந்தியத் தரமான ஐ.எஸ். 10500, கடினத்தன்மை லிட்டருக்கு 200 மில்லிகிராமுக்குள் இருக்கச் சொல்கிறது. வேறு தண்ணீரே கிடையாது என்றால் 600 வரை பொறுத்துக்கொள்கிறது. கரைந்த உப்புகளின் மொத்தம் 500, மாற்று இல்லாத இடத்தில் 2,000. ஆர்.ஓ. விற்க டி.டி.எஸ். மீட்டரோடு ஒரு பையன் வருவான் அல்லவா, அவனைச் சமையலறையோடு அனுப்பிவிடாமல் குளியலறைக் குழாயிலும் ஒரு தடவை அந்த மீட்டரை முக்கச் சொல்லுங்கள்.

கடினத் தண்ணீரில் சுண்ணாம்பு கண்ணுக்குத் தெரியாமல் கரைந்திருக்கிறது. சூடு ஏறினால் அது பிரிந்து கால்சியம் கார்பனேட்டாகப் படியும். சூடு எங்கே அதிகமோ அங்கேதான் முதலில் படியும். கெய்சரில் அந்த இடம் காயில், அதாவது தண்ணீரைச் சூடாக்கும் பாகம். முத்துக்குளித்துறைக்காரர்களுக்கு இந்தப் பொருளை நான் அறிமுகம் செய்ய வேண்டியதில்லை. முத்தும் பெரும்பகுதி இதே கால்சியம் கார்பனேட்தான், சிப்பி ஓடும் அதுதான். இந்தக் கரையில் அரசு நடத்திய கடைசி முத்துக்குளிப்பு 1961-இல் முடிந்துபோனது. கடலடிப் பாரில்தான் முத்து இல்லையே தவிர, கெய்சருக்குள் விளைச்சல் குறையவில்லை.

கழற்றிய காயிலை ஒருமுறை கையில் வாங்கிப் பாருங்கள். சுண்டுவிரலைவிட மெல்லிசான குழாய் அது. அதன்மேல் வெள்ளையும் பழுப்புமாகப் படிவு ஏறி, வளைவுகளுக்கு நடுவே இடைவெளியே தெரியாமல் எல்லாம் ஒரே கட்டியாகியிருக்கும். தொட்டியின் அடியில் உதிர்ந்த சில்லுகளைக் கையால் வாரினால் ஒரு சிரட்டை நிறையும். 15 லிட்டர் மெஷினில் இப்போதெல்லாம் இரண்டு வாளி கூடத் தாங்கவில்லை என்று சொல்கிறீர்களே, அதில் இந்தச் சில்லுக்கும் சிறு பங்கு உண்டு. தண்ணீர் நிற்க வேண்டிய இடத்தில் அது உட்கார்ந்திருக்கிறது.

அந்தச் சில்லில் ஒன்றைக் கிண்ணத்தில் போட்டுக் கொஞ்சம் வினிகர் விடுங்கள். பொங்கி நுரைத்தால் கார்பனேட். எலுமிச்சை உப்பு என்று கடையில் கிடைக்கிற சிட்ரிக் அமிலத்தைக் கரைத்து அதில் காயிலை ஊறவைத்தால் விட்டுவிடும். நுரைக்கவே இல்லையென்றால் அது ஜிப்சம், அதாவது கால்சியம் சல்பேட். கடல்நீர் ஏறிய போர்களில் இதுவும் சேர்ந்து வரும். உப்பளத்தில் வேலை பார்த்தவர்களுக்கு வரிசை தெரியும். கடல் தண்ணீர் வெயிலில் சுண்டும்போது முதலில் சுண்ணாம்பு இறங்கும், அடுத்து ஜிப்சம், அதற்கும் பிறகுதான் உப்பு. ஜிப்சம் வினிகருக்கு மசியாது. மெல்லத் தட்டித்தான் உதிர்க்க வேண்டும். உதிராவிட்டால் காயிலை மாற்றிவிடுவது மேல். சிலர் கழிப்பறை கழுவும் ஆசிட்டை அப்படியே தொட்டிக்குள் ஊற்றிக் குலுக்குகிறார்கள். சுண்ணாம்பு போகும், கூடவே தொட்டியின் உள்பூச்சும் ஸ்டீலும் அரிக்கும். வேலை சீக்கிரம் முடிகிறது என்பதைத் தவிர அதில் எந்த லாபமும் இல்லை, அந்த லாபமும் உங்களுடையது இல்லை.

பழைய செம்புப் பாய்லர் வைத்திருந்த வீடுகளில் இந்தத் தொல்லை வேறு மாதிரி இருந்தது. நடுவில் புகைக்குழல், அடியில் சிரட்டையும் பனைமட்டையும் எரியும், பக்கத்தில் ஒரு பித்தளைத் திருகுகுழாய். பாட்டிமார் புளியைப் போட்டுத் தேய்த்துக் கழுவினால் பளபளப்பு வரும், படிந்த சுண்ணாம்பும் அந்தப் புளிப்பில் இளகும். பாத்திரம் கைக்கு எட்டுகிற உயரத்தில் இருந்ததால் கழுவினார்கள். கெய்சரை மூடி போட்டு உச்சியில் மாட்டிவிட்டோம், அது பாத்திரம் என்பதே மறந்துபோயிற்று.

சுண்ணாம்பு படிந்தால் கரண்ட் பில் எகிறும் என்று ஒரு பேச்சு உண்டு. தண்ணீருக்குள் முங்கிக் கிடக்கும் மின்சாரக் காயிலுக்கு அது அவ்வளவாகப் பொருந்தாது. சுண்ணாம்பைப் போர்த்திக்கொண்டிருந்தாலும் 2 கிலோவாட் காயில் அதே 2 கிலோவாட் சூட்டைத்தான் தண்ணீருக்குக் கொடுக்கும், வேறு எங்கே போகும்? ஆபத்து காயிலுக்குத்தான். சூடு வெளியேறத் திணறுவதால் உள்ளே இருக்கும் உலோகம் அளவுக்கு மீறிக் காய்கிறது. ஒருநாள் உறை கீறல் விடும். தண்ணீர் உள்ளே இறங்கும். அன்றைக்கு மெயின் டிரிப் ஆகும், அல்லது குழாயைத் தொட்டவருக்கு ஷாக் அடிக்கும்.

இதே கணக்குதான் நம் கடற்கரையில் நிற்கும் அனல்மின் நிலையத்துக்கும். 210 மெகாவாட் வீதம் ஐந்து யூனிட், முதல் யூனிட் ஓடத் தொடங்கியது 1979-இல். கொதிகலன் குழாயில் ஓட்டை, மின் உற்பத்தி நிறுத்தம் என்ற செய்தியை எத்தனையோ தடவை படித்திருப்பீர்கள். நிலக்கரிச் சாம்பல் உரசித் தேய்வது, வயசானது என்று குழாய் ஓட்டையாவதற்குப் பல காரணம் உண்டு. உள்பக்கம் படிவு சேர்ந்து உலோகம் காந்திப்போவதும் அதில் ஒன்று. அதற்காகத்தான் பக்கத்திலேயே கடல் கிடந்தும் கடல்நீரை இயந்திரத்தைக் குளிர வைப்பதோடு நிறுத்திவிட்டு, பாய்லருக்குள் தாது நீக்கிய தண்ணீரை மட்டும் விடுகிறார்கள். பழைய நீராவிக் கப்பல்கள் தொடக்கத்தில் கடல்நீரையே பாய்லருக்கு விட்டுப் பார்த்தன. உப்புத் தண்ணீரை அடிக்கடி வெளியேற்றி, படிந்ததை உளி வைத்துப் பெயர்த்து, கடைசியில் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு நல்ல தண்ணீருக்கு மாறின. 1906-இல் வ.உ.சி. சுதேசி ஸ்டீம் நேவிகேஷன் கம்பெனியைத் தொடங்கி காலியா, லாவோ என்ற கப்பல்களை வாங்குவதற்கு வெகுகாலம் முன்பே உலகம் படித்து முடித்துவிட்ட பாடம் இது. நம் மாடியில் மட்டும் இன்னும் போர் தண்ணீர்.

சரி, இப்போது தண்ணீர் சூடாகவில்லை. என்ன செய்வது?

எனக்குப் போன் போடும் முன் கடிகாரத்தைப் பாருங்கள். 25 லிட்டர் தொட்டி, 2 கிலோவாட் காயில், 28 டிகிரித் தண்ணீர். இது 55 டிகிரிக்கு வர ஏறக்குறைய 24 நிமிடம் ஆகும். 15 லிட்டர் என்றால் கால் மணி நேரம். 3 லிட்டர் இன்ஸ்டன்ட் மெஷினில் 3 கிலோவாட் காயில் இருந்தால் இரண்டே நிமிடம். பத்து நிமிடத்தில் 25 லிட்டர் கொதிக்கவில்லை என்று மெஷினைத் திட்டுகிறவர்கள் உண்டு. பாவம், அது கணக்குப்படித்தான் வேலை செய்கிறது.

நேரம் கொடுத்தும் சூடு இல்லையா, முதலில் பிளக்கைப் பிடுங்கிப் பாருங்கள். 2 கிலோவாட், 3 கிலோவாட் மெஷின் 9 முதல் 13 ஆம்பியர் வரை இழுக்கும். கடல்காற்றில் பிளக் முனை பச்சை பிடித்து, பிடி தளர்ந்து, ஒரு பக்கம் கருகியிருக்கும். தூத்துக்குடியில் பாதிப் பழுது இங்கேயே முடிந்துவிடும் என்றால் மிகை இல்லை. அடுத்து, மூடிக்குள் இருக்கும் கட்-அவுட். தண்ணீர் அளவுக்கு மீறிக் காய்ந்தால் கரண்டைத் துண்டித்துவிட்டு நிற்கும், தானாகத் திரும்ப இணையாது. மெயினை அணைத்துவிட்டுச் சின்னச் சிவப்பு பட்டனை ஒருமுறை அழுத்தலாம். மறுபடியும் துண்டித்தால் திரும்பத் திரும்ப அழுத்திக்கொண்டிருக்காதீர்கள். தெர்மோஸ்டாட் ஒட்டிக்கொண்டிருக்கிறது, அல்லது அது உட்காரும் குழல் மேல் சுண்ணாம்பு மூடித் தண்ணீரின் சூடே அதற்குத் தெரியவில்லை. அது மெக்கானிக் வேலை. அவர் காயிலை மல்டிமீட்டரில் பார்க்கும்போது நீங்களும் எட்டிப் பாருங்கள். 2 கிலோவாட் காயில் 26 ஓம் பக்கம் காட்டும், 3 கிலோவாட் என்றால் 18 பக்கம். அப்படிக் காட்டினால் காயிலின் சுருள் அறுந்துபோகவில்லை. காயில் முனைக்கும் மெஷின் உடம்புக்கும் இடையே மீட்டர் ஏதாவது எண் காட்டினால் அந்தக் காயிலின் ஆயுள் முடிந்தது.

ஸ்விட்ச் போட்டதும் விளக்கு எரிகிறது, நேரமும் ஆகிவிட்டது, ஆனால் குழாயில் வெதுவெதுப்புக்கு மேல் வரவில்லை. இது தனி ரகம். இந்தப் புகாருக்குத்தான் அநியாயமாகப் புது கெய்சர் விற்கப்படுகிறது. கெய்சருக்குப் போகும் குளிர்தண்ணீர் வால்வை மூடுங்கள். மூடிவிட்டு வெந்நீர்க் குழாயைத் திறங்கள். சில நொடியில் தண்ணீர் நின்றுவிட வேண்டும். நிற்காமல் ஓடிக்கொண்டே இருந்தால், எங்கிருந்தோ குளிர்தண்ணீர் வெந்நீர் லைனுக்குள் நுழைகிறது. பெரும்பாலும் ஷவர் மிக்சர்தான் குற்றவாளி. வெந்நீர், குளிர்நீர் இரண்டு திருகையும் திறந்தபடி விட்டுவிட்டு, முன்னால் உள்ள வாயை மட்டும் மூடியிருப்பார்கள். உள்ளுக்குள் இரண்டு லைனும் கைகோத்துக்கொள்ளும். திருகுகளை மூடினாலே தீர்ந்தது. புதிதாகக் கட்டிய வீடு என்றால் பிளம்பர் இரண்டு குழாயையும் மாற்றிச் சொருகிவிட்டாரா என்றும் பார்க்க வேண்டும். நீல வளையம் உள்ள பக்கம் தண்ணீர் உள்ளே போகும், சிவப்பு வளையம் வழியே வெளியே வரும். மாறிவிட்டால் மேலே நிற்கும் வெந்நீர் மேலேயே நிற்கும், உங்களுக்குக் கிடைப்பது கீழே இருக்கும் பச்சைத் தண்ணீர்தான்.

மெஷினுக்குள் கடகடவென்று உருட்டுவது போலச் சத்தம் வந்தால் சுண்ணாம்புக்கு அடியில் குமிழி உடைகிறது என்று அர்த்தம், பேய் பிசாசு இல்லை. வெந்நீரில் அழுகிய முட்டை நாற்றம் அடித்தால், தண்ணீரில் உள்ள சல்பேட்டைத் தின்று வாழும் நுண்ணுயிர் தொட்டிக்குள் குடியேறியிருக்கிறது. கோடை முழுக்க நின்றுபோன தண்ணீரில் இது சகஜம். பழைய தண்ணீரை முழுக்க வடித்து, புதுத் தண்ணீர் நிரப்பி, ஒரு தடவை நன்றாகச் சூடாக்கி வடித்துவிடுங்கள். நாற்றத்துக்கு அதுதான் காரணம் என்று சொல்லி, உள்ளே இருக்கும் மெக்னீசியம் கம்பியைக் கழற்றி எறிந்துவிட வேண்டாம். கப்பலின் அடியில் துத்தநாகக் கட்டி பொருத்தியிருப்பார்களே, இரும்புக்குப் பதிலாகத் தான் கரைந்துபோவதற்கு? அதே வேலையைத் தொட்டிக்குச் செய்வது இந்தக் கம்பி. உப்புத் தண்ணீரில் சீக்கிரம் கரையும். சர்வீசுக்குத் திறக்கும்போதெல்லாம் எவ்வளவு மிச்சம் என்று பார்க்க வேண்டும், மெலிந்துபோயிருந்தால் மாற்ற வேண்டும். இந்த ஊரில் கெய்சர் தொட்டி அற்பாயுசில் போவதற்கு இந்தக் கம்பியை யாரும் திரும்பிப் பார்க்காததே முக்கியக் காரணம் என்பேன்.

ஒழுகல் என்றால் எங்கே ஒழுகுகிறது என்று பாருங்கள். இணைப்பில் என்றால் வாஷர், காயில் தட்டில் என்றால் ரப்பர் வளையம். தொட்டியின் வயிற்றிலிருந்தே துருத் தண்ணீர் சொட்டினால் மட்டும் புது மெஷின் வாங்குங்கள். எம்-சீல் அப்பி அதைக் காப்பாற்ற முடியாது.

ஷாக் விஷயத்துக்கு வருகிறேன். குழாயைத் தொட்டால் சுரீர் என்கிறது, ஆனால் லேசாகத்தான் என்று சமாதானம் சொல்லிக்கொண்டு குளிக்கிற வீடுகள் இருக்கின்றன. லேசான ஷாக் என்று ஒன்று கிடையாது. காய்ந்த கைக்கு லேசாக இருப்பது நனைந்த உடம்புக்கு அப்படி இருக்காது. போதாக்குறைக்கு, உப்புத் தண்ணீர் நல்ல தண்ணீரைவிட நன்றாகக் கரண்டைக் கடத்தும். பிளாஸ்டிக் குழாய் போட்டிருக்கிறோம், பயமில்லை என்பதும் தப்பு. குழாய்தான் பிளாஸ்டிக், உள்ளே ஓடுகிற தண்ணீர் பிளாஸ்டிக் இல்லை. மெயினை அணையுங்கள், எர்த் சரியாக இருக்கிறதா என்று சோதிக்கச் சொல்லுங்கள். உப்பு மண்ணில் எர்த் குழாய் துருப்பிடித்து மண்ணுக்குள்ளேயே அறுந்துபோயிருக்கும், மேலே கம்பி மட்டும் அழகாக இருக்கும். 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை கொட்டி மாவட்டமே மிதந்ததே, அப்போது தண்ணீர் புகுந்த வீடுகளில் எர்த்தைப் பரிசோதிக்காமல் இன்னும் யாராவது விட்டிருந்தால் இந்த மாதமே பாருங்கள். 30 மில்லி ஆம்பியரில் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. ஒன்று போர்டில் இருக்கட்டும். கெய்சரைப் போட்டதும் அது டிரிப் ஆகிறது, பிளக்கைப் பிடுங்கினால் நிற்கிறது என்றால் காயில் உறை கீறிவிட்டது என்று அது உங்களுக்குச் சொல்கிறது. அது அடிக்கடி விழுகிறது, தொல்லை என்று அதையே கழற்றிவிட்ட வீடுகளைப் பார்த்திருக்கிறேன். சொல்கிற வாயை அடைப்பது நம் ஊரில் எல்லா இடத்திலும் நடக்கிறது, குளியலறையிலாவது வேண்டாம்.

இந்த மடலை எழுத வைத்ததே அடுத்து வருவதுதான். மெக்கானிக்குகள் மத்தியில் ஒரு சொல் புழங்குகிறது: "டைரக்ட்". தெர்மோஸ்டாட் கெட்டுவிட்டது, அந்த மாடலுக்கு உதிரி கிடைக்கவில்லை, அக்கா அவசரப்படுத்துகிறார்கள். உடனே தெர்மோஸ்டாட்டையும் கட்-அவுட்டையும் தாண்டி வயரை நேராகக் காயிலுக்குக் கொடுத்துவிடுவது. "டைரக்ட் பண்ணிட்டேன்க்கா, இனிமே பிரச்சினையே வராது." தண்ணீர் நன்றாகக் கொதிக்கும். நிறுத்த ஆளில்லாமல் கொதிக்கும். இதோடு சேர்த்து, சொட்டுகிறது என்று பாதுகாப்பு வால்வின் வாயையும் மூடி போட்டு அடைத்துவிட்டால், சுவரில் தொங்குவது கெய்சர் இல்லை.

அந்த வால்வு ஏன் சொட்டுகிறது? 25 லிட்டர் தண்ணீர் 65 டிகிரிக்குப் போகும்போது விரிந்து, ஏறக்குறைய இரண்டு டம்ளர் அதிகமாகிறது. பின்னால் போக வழியில்லாமல் ஒருவழி வால்வு தடுத்தால், அந்த அதிகம் பாதுகாப்பு வால்வு வழியாகத்தான் வெளியேற வேண்டும். சூடாகும்போது சொட்டி, ஆறியதும் நின்றால் அது வேலை செய்கிறது. எப்போதும் சொட்டினால் வால்வின் இருக்கையில் சுண்ணாம்பு சிக்கியிருக்கிறது, மாற்றுங்கள். அடைக்காதீர்கள். அடைபட்ட தொட்டிக்குள் 100 டிகிரியைத் தாண்டிக் காய்ந்த தண்ணீர், தொட்டி விட்டுக்கொடுக்கும் கணத்தில் நீராவியாகப் பாயும். தண்ணீர் நீராவியாகும்போது சுமார் 1,600 மடங்கு இடம் கேட்கும்.

1863-இல் கல்கத்தாவில் ஒரு பாய்லர் வெடித்தது. மறு ஆண்டே வங்காளத்தில் சட்டம் வந்தது. பிறகு 1923-இல் நாடு முழுமைக்குமான கொதிகலன் சட்டம், 2025-இல் அதன் இடத்தில் புதிய சட்டம். ஆலையில் பாய்லர் ஓட்டினால் பதிவு, சான்றிதழ், ஆய்வு அதிகாரி எல்லாம் உண்டு. 25 லிட்டருக்குக் குறைந்த கொள்ளளவும், 100 டிகிரிக்குக் கீழே மட்டும் தண்ணீரைச் சூடாக்குவதும் அந்தச் சட்டத்துக்கு வெளியே. சட்டம் செய்தவர்கள் மேல் தப்பில்லை, வீட்டு கெய்சர் 100 டிகிரியைத் தொடாது என்று நம்பித்தான் விட்டிருக்கிறார்கள். அந்த நம்பிக்கையைக் காப்பாற்றுவது ஒரு தெர்மோஸ்டாட்டும் ஒரு கட்-அவுட்டும் ஒரு வால்வும். மூன்றையும் நீக்கிவிட்டால் ஆலை பாய்லரைவிட மோசமான ஒன்று, ஆய்வு அதிகாரியே எட்டிப் பார்க்காத இடத்தில், உங்கள் பிள்ளையின் தலைக்கு மேலே.

கேஸ் கெய்சர் வைத்திருப்பவர்களுக்கு ஒரு பத்திதான், ஆனால் ஊன்றிப் படியுங்கள். மூடிய குளியலறைக்குள் அதை மாட்டவே கூடாது. காற்று போதாமல் எரிந்தால் கார்பன் மோனாக்சைடு வரும். அதற்கு மணம் கிடையாது, நிறம் கிடையாது. குளிக்கப் போனவர் கதவைத் தட்டியும் திறக்காமல், உடைத்துப் பார்த்தால் உயிர் இல்லை என்ற செய்தி நாட்டில் ஒவ்வொரு குளிர்காலமும் எங்கிருந்தாவது வருகிறது. மெஷின் வெளியே காற்றோட்டத்தில் இருக்கட்டும், வெந்நீர் மட்டும் குழாய் வழியாக உள்ளே வரட்டும். தீ நீலமாக எரியாமல் மஞ்சளாக எரிந்தால் அன்றைக்கே நிறுத்துங்கள்.

உங்களில் பலருக்குப் பிள்ளைகள் லண்டனில் இருக்கிறார்கள். ஜனவரியில் வீடியோ காலில் ஸ்வெட்டரோடு வந்து "அப்பா, பாய்லர் ஓடல" என்பார்கள். அங்கே பாய்லர் என்றால் வீடு முழுக்கச் சூடாக்குகிற கேஸ் மெஷின். பதற வேண்டாம். முன்னால் உள்ள அழுத்த மானி, ஆறிய நிலையில் 1 முதல் 1.5 பார் வரை காட்ட வேண்டும். இறங்கியிருந்தால் அடியில் நிரப்பும் குழாய் இருக்கும், கையேட்டைப் பார்த்து அழுத்தத்தை ஏற்றிக்கொள்ளலாம். அடிக்கடி இறங்கினால் எங்கோ கசிகிறது. ரேடியேட்டரின் மேல்பாதி மட்டும் சில்லிட்டிருந்தால் காற்று அடைத்திருக்கிறது, திறந்து காற்றை விட வேண்டும். உறைபனி நாளில் வெளிச்சுவரில் ஓடும் பாய்லரின் கழிவுநீர்க் குழாய் உறைந்து மெஷின் நின்றுபோவதும் உண்டு, வெதுவெதுப்பான தண்ணீர் ஊற்றினால் இளகும், கொதிக்கிற தண்ணீர் கூடாது. அதற்கு மேல் மூடியைத் திறக்க அவர்களுக்கு உரிமையே இல்லை. கேஸ் வேலையை கேஸ் சேஃப் பதிவேட்டில் இருப்பவர் மட்டுமே செய்யலாம் என்பது அங்கே சட்டம். லண்டன் குழாயில் வருவதும் சுண்ணாம்புத் தண்ணீர்தான் என்பதை அவர்களிடம் சொல்லி வையுங்கள். ஊரைவிட்டுப் போனாலும் சுண்ணாம்பு விடவில்லை.

இனி வீட்டை வாடகைக்கு விட்டிருப்பவர்களுக்கு.

கெய்சர் போனால் "நீங்கள்தான் உபயோகித்தீர்கள், நீங்களே பாருங்கள்" என்று வாடகைக்காரரிடம் தள்ளிவிடுகிறீர்கள். அவர் பதினோரு மாத ஒப்பந்தத்தில் இருக்கிறார், குறைந்த செலவில் யார் ஓட்டித் தருவாரோ அவரைத்தான் கூப்பிடுவார். டைரக்ட் வேலை அதிகம் நடப்பது வாடகை வீடுகளில்தான். தண்ணீரைத் தீர்மானிப்பவர் நீங்கள். எர்த் குழி உங்கள் நிலத்தில் இருக்கிறது. ஆர்.சி.சி.பி. போடுவதற்கு உங்கள் போர்டைத்தான் திறக்க வேண்டும். ஆகவே பொறுப்பும் உங்களுடையதுதான்.

செய்ய வேண்டியது பெரிய காரியம் இல்லை. மாடியில் இரண்டாவதாக ஒரு சின்னத் தொட்டி வையுங்கள். 200 லிட்டர் போதும். சம்பில் இருக்கும் வல்லநாட்டுத் தண்ணீரை அதில் ஏற்றி, கெய்சருக்குப் போகும் அரை அங்குலக் குழாயை மட்டும் அதிலிருந்து எடுங்கள். ஒருவர் குளிக்க வாளி நிறைய வெந்நீர் வேண்டும்போது அதில் பாதிக்கு மேல் பச்சைத் தண்ணீர் கலக்கத்தான் போகிறோம், அது போராகவே இருக்கட்டும். ஆற்றுத் தண்ணீர் செலவாவது கொஞ்சம்தான். சூரிய வெந்நீர்க் கருவி வைத்திருப்பவர்களும் இதையே செய்யலாம், கண்ணாடிக் குழாய்க்குள் சுண்ணாம்பு சேர்வது நிற்கும். நான்கு நாளைக்கு ஒருமுறை தண்ணீர் வருகிற தெருவில் இதெல்லாம் நடக்குமா என்று கேட்பீர்கள். நியாயம்தான். அங்கே போர் தண்ணீரே கதி என்றால், வருஷத்துக்கு ஒருமுறை காயிலைக் கழற்றிச் சுத்தம் செய்து, மெலிந்த மெக்னீசியம் கம்பியை மாற்றுவதைத் தவிர வேறு வழியில்லை. வெப்பநிலைத் திருகையும் 50, 55-க்கு மேல் வைக்காதீர்கள், சூடு குறைந்தால் படிவும் குறையும்.

எல்லாருக்கும் ஒரே வேண்டுகோள். ஐப்பசி வரை காத்திருக்காமல் புரட்டாசியிலேயே மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள், அப்போது அவருக்கும் அவசரம் இருக்காது. ஸ்விட்சைப் போடும் முன் வெந்நீர்க் குழாயைத் திறந்து தண்ணீர் வருகிறதா என்று பாருங்கள், வறண்ட தொட்டியில் காயில் சில நிமிடம் கூடத் தாங்காது. கழற்றிய காயிலையும் கம்பியையும் கேட்டு வாங்கிக் கண்ணால் பாருங்கள். வந்தவர் வாயிலிருந்து "டைரக்ட்" என்ற சொல் வந்தால், வேலையை அந்த இடத்திலேயே நிறுத்தி ஏணியிலிருந்து இறங்கச் சொல்லுங்கள். அது நானாக இருந்தாலும் சரி.

இப்படிக்கு,
உங்கள் ஊர் மெக்கானிக்